புதுசா வந்த நர்ஸ் மூணு மாசத்துல கிளம்பாம இருக்கணும்னா வார்டு இன்சார்ஜ் என்ன பண்ணலாம்

ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான். ரிசல்ட் வந்து, தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல ரெஜிஸ்ட்ரேஷன் முடிச்சு ஒரு பேட்ச் புள்ளைங்க வந்து சேரும், யூனிஃபார்ம் குடுப்போம், ஐடி கார்டு குடுப்போம், அப்புறம் பொங்கலுக்கு ஊருக்குப் போன புள்ள திரும்ப வராது, போன் பண்ணா ஸ்விட்ச்டு ஆஃப், நாலு நாள் கழிச்சு அவங்கப்பா ரிசப்ஷன்ல வந்து நின்னு சர்டிஃபிகேட் கேப்பாரு. ஹெச்ஆர்ல கேட்டா ஒரே பதில், "எல்லாம் ஃபாரின் போற ஆசை சிஸ்டர், நாம என்ன பண்றது".

இந்தப் பதிலை நான் ஒத்துக்கவே மாட்டேன். வளைகுடா வேலைக்கு பொதுவா ஒண்ணு ரெண்டு வருஷ அனுபவம் கேக்குறாங்க, அந்த அனுபவ சர்டிஃபிகேட்டை டேட்டாஃப்ளோ மாதிரி சர்டிஃபிகேட் சரிபார்க்குற ஏஜென்சி ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேக்கும். அப்போ ஃபாரின் போகணும்னு நினைக்கிற புள்ள உங்ககிட்ட ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும், இருந்தாதான் அவளுக்கு லாபம். அப்படி இருக்க காரணம் இருக்குற புள்ளயே மூணாவது மாசம் ஓடுதுன்னா அதுக்கு துபாய் காரணம் இல்ல, உங்க வார்டுதான் காரணம். இன்னும் சரியா சொன்னா உங்க வார்டோட நைட் ட்யூட்டி.

சம்பளம் ஒரு காரணம்தான், இல்லன்னு சொல்லல, கீழ அதுக்கும் வர்றேன். ஆனா சம்பளம் எவ்வளவுன்னு தெரிஞ்சுதான் சேர்ந்தாங்க. தெரியாம வந்து மாட்டிக்கிட்டது பயம். கேக்க ஆள் இல்லாம, தப்பு பண்ணிடுவோமோன்னு பன்னெண்டு மணி நேரம் வயிறு கலங்கி நிக்கிற பயம். இது எழுதுறது 50லேர்ந்து 150 படுக்கை இருக்குற தனியார் ஆஸ்பத்திரி இன்சார்ஜுகளுக்கு. பெரிய கார்ப்பரேட்ல நர்ஸ் எஜுகேட்டர்னு தனியா ஒருத்தர் இருப்பாங்க, நமக்கு அந்தக் குடுப்பினை இல்ல, எல்லாமே நம்ம தலையிலதான்.

காலேஜ்ல என்ன கத்துக்கிட்டு வர்றாங்கன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க

"நாலு வருஷம் என்னதான் படிச்சே"ன்னு கேக்குறதை இன்னையோட நிறுத்துங்க. பிஎஸ்சி 4 வருஷம், ஜிஎன்எம் 3 வருஷம், ரெண்டுலயும் ஒரு பேஷண்டை எடுத்து கேர் பிளான் எழுதி, நர்சிங் டயக்னோசிஸ் போட்டு, ப்ரொசீஜர் புக்ல கையெழுத்து வாங்கித்தான் வர்றாங்க. க்ளினிக்கல் போஸ்டிங்ல ஒரு படுக்கையைச் சுத்தி அத்தனை ஸ்டூடண்ட் நிப்பாங்க, கேனுலா (ரத்தக்குழாய்ல மருந்து ஏத்துற சின்னக் குழாய்) போட யாருக்கு சான்ஸ் கிடைக்கும்? சில புள்ளைங்க முதல் கேனுலாவை நம்ம வார்டுலதான் போடும். அதோட இன்டென்ட் போடுறது (ஸ்டோர்ல பொருள் கேட்டு எழுதுறது), ஃபார்மசி ரிட்டன், டிஸ்சார்ஜ் பில்லிங், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட பேப்பர், டிபிஏ (இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பார்க்குற கம்பெனி) க்ளெய்முக்கு கேஸ் ஷீட் ஜெராக்ஸ், இதெல்லாம் எந்த சிலபஸ்லயும் இல்ல, ஆனா நம்ம ட்யூட்டில பாதி நேரம் இதுலதான் போகுது. அந்தப் புள்ள பேஷண்ட் பார்க்க படிச்சுட்டு வந்துச்சு, நாம பேப்பர் பார்க்க விட்டுட்டோம். அமெரிக்காவுல 1970கள்லயே இந்த அதிர்ச்சிக்கு ரியாலிட்டி ஷாக்னு பேரே வச்சுட்டாங்க, அதனால இது இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு பொறுமை இல்லன்னு புலம்புற விஷயமே கிடையாது.

முதல் ரெண்டு வாரம்

மொதல் விதி, புதுசா வந்தவங்களை ரோஸ்டர்ல தலைக்கணக்குல சேர்க்காதீங்க. மேனேஜ்மெண்ட் ஒத்துக்காது, தெரியும். ரெண்டு வாரம் கேளுங்க, ஒரு வாரமாவது குடுப்பாங்க, அந்த ஒரு வாரமும் மார்னிங் ஷிஃப்ட் மட்டும். "புதுசா ஒருத்தி வந்தாச்சுல்ல, இன்னொருத்திக்கு ஆஃப் குடுத்துடு"ன்னு என்எஸ் (நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட்) சொல்லுவாங்க, அங்கதான் நீங்க கொஞ்சம் முறுக்கிக்கிட்டு நிக்கணும்.

அடுத்தது, ஒரு சீனியர்கிட்ட பேர் சொல்லி ஒப்படைங்க. "எல்லாரும் சொல்லிக் குடுங்கப்பா"ன்னா யாரும் சொல்லிக் குடுக்க மாட்டாங்க, ஒருத்தி ஒரு மாதிரி சொல்லுவா, இன்னொருத்தி வந்து "இப்படியா பண்ணுவாங்க"ன்னு கேப்பா, புள்ள நடுவுல நின்னு முழிக்கும். யாரைப் போடுறதுன்னா, இருபது வருஷ அனுபவசாலியைப் போடாதீங்க, அவங்க கை தானா வேலை செய்யும், எப்படி செய்றோம்னு வாயால சொல்ல வராது. வேலைக்கு வந்து ஒன்றரை ரெண்டு வருஷம் ஆன ஆளைப் போடுங்க, பயந்தது இன்னும் ஞாபகம் இருக்கும். அந்த ஆளுக்கு பேஷண்ட் எண்ணிக்கையைக் குறைச்சுக் குடுக்கணும், இல்லன்னா புதுசா வந்த புள்ள மேலதான் எரிஞ்சு விழுவா, அதுல அவ தப்பும் இல்ல.

ஒரு பேப்பர் போடுங்க. கேனுலா, ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியா வயித்துக்குப் போற குழாய்), கேத்தீட்டர் (யூரின் குழாய்), நெபுலைசேஷன், இன்சுலின், ப்ளட் டிரான்ஸ்ஃப்யூஷன், இன்ஃப்யூஷன் பம்ப் செட்டிங், ஈசிஜி, சக்‌ஷன், போஸ்ட் ஆப் பேஷண்டை ரிசீவ் பண்றது, இப்படி உங்க வார்டுக்கு என்ன வேணுமோ அது. பக்கத்துல மூணு கட்டம், பார்த்தாச்சு, கூட நின்னு பண்ணியாச்சு, தனியா பண்ணியாச்சு. சீனியர் தேதி போட்டு கையெழுத்து போடணும். இது ஃபைல்ல தூங்குறதுக்கு இல்ல, ஒவ்வொரு வாரமும் ட்யூட்டி போடுறப்ப இந்தப் பேப்பரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு போடுங்க.

முதல் நாள் சொல்ல வேண்டியது பெரிய விஷயம் எதுவும் இல்ல. க்ராஷ் கார்ட் (அவசர மருந்து ட்ராலி) எங்க, அதோட சாவி யார்கிட்ட, ட்யூட்டி டாக்டரை எந்த நம்பர்ல கூப்பிடணும், ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்தா யாரு வருவா, பாத்ரூம் எங்க, சாப்பிட எத்தனை மணிக்கு யாரு ரிலீவ் பண்ணுவா. கடைசி ரெண்டையும் சிரிக்காம சொல்லிக் குடுங்க. மதியம் மூணு மணி வரைக்கும் சாப்பிடாம, கேக்கவும் கூச்சப்பட்டு நின்ன புள்ள அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட போன்ல அழுறப்ப பேஷண்டைப் பத்தி பேசாது, இதைத்தான் பேசும்.

நைட் ட்யூட்டி, இங்கதான் உயிர் போகுது

ஆஸ்பத்திரிகளுக்கு தரச்சான்று குடுக்குற என்ஏபிஹெச் கணக்குப்படி வார்டுல 6 பேஷண்டுக்கு ஒரு நர்ஸ், வென்டிலேட்டர்ல இருக்குறவங்களுக்கு ஆளுக்கு ஒருத்தர். நம்ம ஊர் நைட்ல என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும், ஒரு சீனியர், ஒரு புதுசு, இருபதுக்கு மேல பேஷண்ட், சீனியரை ஐசியூல ஆள் இல்லன்னு பதினோரு மணிக்கு கூப்பிட்டுக்குவாங்க, புதுசு தனியா நிக்கும். கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி. ரெண்டு மணிக்கு ஒரு பேஷண்டுக்கு சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 88 காட்டும், ப்ரோப் சரியா மாட்டலையா, விரல் சில்லுன்னு இருக்கா, நெஜமாவே இறங்குதான்னு தெரியாது, ட்யூட்டி டாக்டர் முந்தாநாள் "இதுக்கெல்லாமா எழுப்புவே"ன்னு கத்துனது ஞாபகம் வரும், அதனால கூப்பிடாது, கூப்பிடாததை நினைச்சு விடியுற வரைக்கும் நடுங்கும். வேலையை விடுற முடிவு அங்க அந்த ரெண்டு மணிக்கு எடுக்குறதுதான், லெட்டர் மட்டும்தான் அப்புறமா வருது.

அதனால இதை மட்டுமாவது செய்யுங்க. மேல சொன்ன பேப்பர்ல முக்கியமான கட்டங்கள் நிரம்புற வரைக்கும் தனி நைட் கிடையாது. முதல் சில நைட் கூடுதல் ஆளா போடுங்க, சும்மா கூட இருக்கட்டும், ராத்திரி வார்டு எப்படி இருக்கும்னு பழகட்டும். புதுசு இருக்குற வார்டுலேர்ந்து சீனியரை ஐசியூக்கு இழுக்கக் கூடாதுன்னு நைட் சூப்பர்வைசர்கிட்ட முன்னாடியே பேசி வைங்க, வேற வழியே இல்லன்னா சூப்பர்வைசரே வந்து அங்க உட்காரட்டும்.

ரெண்டாவது, டாக்டரை எப்ப கூப்பிடணும்னு எழுதி நர்சிங் ஸ்டேஷன்ல ஒட்டுங்க. மேல் பிபி 90க்கு கீழ, பல்ஸ் 120க்கு மேல இல்ல 50க்கு கீழ, மூச்சு நிமிஷத்துக்கு 24க்கு மேல, சாச்சுரேஷன் 92க்கு கீழ, சுகர் 70க்கு கீழ, கேத்தீட்டர் பேஷண்டுக்கு மணிக்கு 30 எம்எல்லுக்கு கம்மியா யூரின், பேசிக்கிட்டு இருந்த ஆள் திடீர்னு குழப்பமா பேசுறது, எதுவுமே சரியில்லன்னு மனசுக்கு படுறது. சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் நோய்) பேஷண்டுக்கு சாச்சுரேஷன் கணக்கு வேற, அதனால நம்பரை எல்லாம் உங்க டாக்டர்களே பார்த்து முடிவு பண்ணட்டும். ஆனா கடைசில ஆர்எம்ஓ (ரெசிடென்ட் மெடிக்கல் ஆபீசர்) கையெழுத்து வாங்கியே ஆகணும். அந்தக் கையெழுத்துதான் முக்கியம், ஏன்னா அதுக்கப்புறம் ட்யூட்டி டாக்டர் கத்துனா "சார் ஆர்எம்ஓ சார் சொன்ன லிஸ்ட்ல இருக்கு"ன்னு புள்ள ஒரு வரி சொல்லிட்டு நிக்கலாம்.

எப்படி கூப்பிடணும்னும் சொல்லிக் குடுங்க. "சார் பேஷண்டுக்கு ஒரு மாதிரி இருக்கு"ன்னா எந்த டாக்டருக்கும் எரிச்சல்தான் வரும். "சார், 204 பேஷண்ட், நேத்து வயித்து ஆபரேஷன் ஆனவரு, இப்ப பிபி 80க்கு 50, பல்ஸ் 124, ட்ரெயின் குழாய்ல ரத்தம் அதிகமா வருது, ஐவி ஃப்ளூயிட் போயிட்டு இருக்கு, நீங்க உடனே வந்து பார்க்கணும்." யாரு, என்ன நடந்தது, இப்ப என்ன, எனக்கு என்ன வேணும், அவ்வளவுதான். இந்த வரிசைக்கு எஸ்பார்னு (SBAR) பேர், எல்லாரும் படிச்சதுதான், பரீட்சைல எழுதியிருக்காங்க, வாயில வரல. மதியம் கூட்டம் கம்மியா இருக்கறப்ப ரெண்டு பேரை நிக்க வச்சு பேசவிட்டுப் பாருங்க, முதல்ல சிரிப்பாங்க, அப்புறம் பழகிடும். கூப்பிட்ட நேரத்தை நோட்ஸ்ல எழுதுறதையும் அப்பவே பழக்குங்க.

காலைல ஹேண்டிங் ஓவர் இன்னொரு கொடுமை. எட்டு மணிக்கு முடியுற நைட்டு ஒன்பதரை வரைக்கும் இழுக்கும், "ஐஓ (பேஷண்டுக்கு உள்ள போன, வெளிய வந்த திரவக் கணக்கு) டோட்டல் ஏன் போடல, பெட்ஷீட் ஏன் மாத்தல, ட்ராலி ஏன் இப்படி இருக்கு"ன்னு மார்னிங் சீனியர் எல்லார் முன்னாடியும் கேப்பாங்க, அதுல ஒரு சுகம் சில பேருக்கு. மிச்சம் இருக்குற வேலையை அடுத்த ஷிஃப்ட் எடுத்துக்கும், எட்டரைக்கு நைட் ஸ்டாஃப் வெளிய போயிருக்கணும், அவ்வளவுதான்னு நீங்க சொல்லிட்டா முடிஞ்சுது. இதுக்கு பைசா செலவு கிடையாது, யார் அனுமதியும் தேவையில்ல.

தப்பு நடந்தா

நடக்கும். ஒரு ஆன்டிபயாடிக் டோஸ் விட்டுப்போகும், பக்கத்து பெட் மாத்திரையைக் குடுத்துடும். அப்ப வரிசை இதுதான், முதல்ல பேஷண்டைப் பாருங்க, டாக்டருக்குச் சொல்லுங்க, அப்புறம் இன்சிடெண்ட் ஃபார்ம், அப்புறம்தான் அந்தப் புள்ளகிட்ட பேச்சு, அதுவும் கதவைச் சாத்திக்கிட்டு. அட்டெண்டர் (பேஷண்ட் கூட இருக்குறவங்க) நிக்கிறப்ப ஸ்டேஷன்ல வச்சுக் கத்துனா அந்தப் பேஷண்டோட சொந்தக்காரங்க டிஸ்சார்ஜ் வரைக்கும் அந்தப் புள்ளயை ஊசி போட விட மாட்டாங்க. அப்பாலஜி லெட்டர் எழுதி வாங்குற பழக்கம் பல இடத்துல இருக்கு, சத்தியமா அதுனால ஒரு பிரயோஜனமும் இல்ல, அடுத்த தப்பை மறைக்கத்தான் கத்துக்குவாங்க. தொலைஞ்ச குளுக்கோமீட்டருக்கும் உடைஞ்ச தெர்மாமீட்டருக்கும் சம்பளத்துல பிடிக்கிறது அதைவிடக் கேவலம், 300 ரூபாய் பிடிச்சு ஒரு ஆளை இழக்குறோம், கணக்கு தெரிஞ்சவங்க பண்ற காரியமா இது?

தப்பே நடக்க முடியாத மாதிரி சிலதை மாத்தலாம். கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) ஆம்ப்யூலை மத்த ஆம்ப்யூலோட கலந்து வைக்காதீங்க, முடிஞ்சா வார்டு ஸ்டாக்லயே வேண்டாம், அதை நேரா ஐவி புஷ் போட்டா இதயம் நின்னுடும். இன்சுலின், ஹெப்பாரின், கேசிஎல் மூணுக்கும் ரெண்டு பேர் பார்த்து ரெண்டு கையெழுத்து. பேர் ஒரே மாதிரி இருக்குற மருந்தை ஒரே தட்டுல அடுக்காதீங்க.

பேஷண்டுக்குப் போட்ட ஊசி தவறி நம்ம கையில குத்துறதைப் பத்தி சேர்ந்த அன்னைக்கே சொல்லிடுங்க, ஏன்னா பயந்துபோய் மறைக்கிறது இதைத்தான். குத்துன இடத்தைப் பிதுக்கக் கூடாது, சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவணும், உடனே சொல்லணும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டா 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிடணும். ஹெபடைடிஸ் பி ஊசி 0, 1, 6 மாசக் கணக்குல மூணு டோஸ், அது ஆஸ்பத்திரி செலவுல போடணும், போட்டாச்சான்னு ஐடி கார்டு குடுக்குறப்பவே கேளுங்க.

கத்துறவங்க

டாக்டர் கத்துவாரு, அட்டெண்டர் கத்துவாரு, சில நேரம் கை ஓங்குவாங்க. அந்த நேரத்துல நீங்க எங்க நிக்கிறீங்கன்னு புள்ளைங்க எல்லாம் பார்த்துக்கிட்டே இருக்கும். முன்னாடி போய் "என்கிட்ட பேசுங்க சார்"னு சொல்ற இன்சார்ஜ் வார்டுல ஆள் நிக்கும். ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்குறதுக்கு எதிரா தமிழ்நாட்டுல 2008லேர்ந்தே தனிச் சட்டம் இருக்கு, அதுல நர்ஸும் அடக்கம், செக்யூரிட்டிக்கும் இது தெரிஞ்சிருக்கணும். தொட்டுப் பேசுறது, நைட்ல தேவையில்லாம ரூமுக்கு கூப்பிடுறது மாதிரி விஷயத்துக்கு 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி இன்டர்னல் கமிட்டி இருக்கணும், பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற எந்த இடத்துக்கும் அது கட்டாயம். கமிட்டில யாரு இருக்காங்கன்னு பேரோட ஒட்டி வைங்க.

சம்பளமும் சர்டிஃபிகேட்டும்

சம்பளத்தை ஏத்துற அதிகாரம் நமக்கு இல்ல. 2016ல சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைச்ச கமிட்டி, 200 படுக்கைக்கு மேல இருந்தா அரசு நர்ஸ் சம்பளத்துக்கு சமமா, 100லேர்ந்து 200ன்னா 10 சதவீதத்துக்கு மேல குறையாம, 50லேர்ந்து 100ன்னா 25 சதவீதத்துக்கு மேல குறையாம, 50க்கு கீழ இருந்தாலும் மாசம் 20,000க்கு குறையாம குடுக்கணும்னு பரிந்துரை பண்ணுச்சு. நம்ம ஊர் சின்ன ஆஸ்பத்திரில அந்த நம்பரைப் படிச்சா சிரிப்புதான் வரும். நாம செய்யக்கூடியது உண்மையைச் சொல்றது. இன்டர்வியூலயே கைக்கு எவ்வளவு வரும்னு சொல்லுங்க, பிஎஃப் 12 சதவீதம், 21,000க்குள்ள சம்பளம்னா இஎஸ்ஐ 0.75 சதவீதம், ஹாஸ்டல், மெஸ், எல்லாம் போக மிச்சம் என்ன, எந்தத் தேதில வரும். எஜுகேஷன் லோன் கட்டுற வீட்டுக்கு முதல் மாச சம்பளம் சொன்னதைவிடக் கம்மியா வந்தா அன்னைக்கே வேற இடம் தேட ஆரம்பிச்சிடுவாங்க, பக்கத்து ஆஸ்பத்திரில ஆயிரம் ரூபாய் கூட இருந்தா போதும்.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கிற ஆஸ்பத்திரியா இருந்தா தயவுசெஞ்சு மேனேஜ்மெண்ட்ல பேசிப் பாருங்க. பூட்டி வச்சதால யாரும் நின்னதில்ல. சொன்னா குடுக்க மாட்டாங்கன்னு பயந்து சொல்லாமலே போவாங்க, அதான் போன் ஸ்விட்ச்டு ஆஃப் ஆகுது, அதான் அப்பா வர்றாரு. ஒரிஜினல் அவங்ககிட்டயே இருந்தா ஒரு மாசம் முன்னாடி வந்து சொல்லுவாங்க, நீங்க ரோஸ்டரை சரிபண்ண டைம் கிடைக்கும்.

ரோஸ்டர்னதும் ஞாபகம் வருது, ஆஃபை ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்ல கேன்சல் பண்ணாதீங்க. அந்த ஆஃபுக்காக பஸ் டிக்கெட் போட்டிருப்பாங்க.

போற அறிகுறி

கேள்வி கேக்குறது நிக்கும், அதான் முதல் அறிகுறி. நாம "பரவாயில்லயே, கத்துக்கிட்டா"ன்னு சந்தோஷப்படுவோம், அந்தப் புள்ள மனசுல கிளம்பியாச்சு. நைட் வர்றதுக்கு முந்தின நாள் காய்ச்சல் வரும். ட்யூட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கிட்டு இருக்கும், அது சின்சியாரிட்டி மாதிரி தெரியும், பல நேரம் பயம்தான். முதல் நைட் முடிஞ்ச மறுநாள், மூணாவது வாரம், ரெண்டாவது மாசம், இந்த மூணு தடவையும் தனியா கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்துப் பேசுங்க. "எப்படிம்மா இருக்கே"ன்னு கேட்டா "நல்லா இருக்கேன் சிஸ்டர்"தான் வரும். "எந்த பேஷண்டைக் குடுத்தா உனக்கு பயமா இருக்கு?"ன்னு கேளுங்க. ட்ரக்கியாஸ்டமி (தொண்டைல ஓட்டை போட்டு மூச்சுக்குழாய் வச்ச) பேஷண்ட்னு சொல்லும், இல்ல ஒரு டாக்டர் பேரைச் சொல்லும், இல்ல ஒரு சீனியர் பேரைச் சொல்லும். சொன்னதுக்கு அந்த வாரத்துலயே ஏதாவது பண்ணணும், இல்லன்னா அடுத்த தடவை சொல்லாது. பிரதர்ஸ்கிட்டயும் (ஆண் நர்ஸுங்ககிட்டயும்) இதே மாதிரி கேளுங்க, பசங்க தைரியமா இருப்பாங்கன்னு நினைச்சு அவங்களை முதல் வாரத்துலயே ஐசியூ நைட்ல தள்ளி விடுறது ரொம்ப நடக்குது.

அப்படியும் போறவங்க

எம்ஆர்பி (அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்குற தேர்வு வாரியம்) வேலை வந்தா போவாங்க, தடுக்க முடியாது. 2015ல எம்ஆர்பி மூலமா எடுத்தவங்களுக்கு ஆரம்பத்துல தொகுப்பூதியம் மாசம் 7,700தான், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பர்ல சென்னைல மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்குற டிஎம்எஸ் வளாகத்துல உட்கார்ந்து போராடினாங்க, அப்படியிருந்தும் என்னைக்காவது நிரந்தரம் ஆகும்னு தனியாரை விட்டுட்டுப் போனவங்க ஏராளம். நார்செட் (எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கான தேர்வு) எழுதி எய்ம்ஸ் போவாங்க, ஜெர்மன் பி2 க்ளாஸ் போவாங்க, கல்யாணம் ஆகும். வளைகுடா போறவங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்லி அனுப்புங்க, ஏஜெண்டுக்கு லட்சக்கணக்குல குடுக்காம சென்னைல இருக்குற தமிழ்நாடு அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன்ல பதிவு பண்ணச் சொல்லுங்க.

அனுபவ சர்டிஃபிகேட்டை இழுத்தடிக்காம குடுங்க. சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, எந்த வார்டு, ஆஸ்பத்திரில எத்தனை படுக்கை, எல்லாம் லெட்டர்ஹெட்ல தெளிவா இருக்கணும், கையெழுத்து போட்டவங்க பேரும் இருக்கணும். டேட்டாஃப்ளோ வெரிஃபிகேஷன் மெயில் வந்தா யாரு பதில் போடணும்னு ஹெச்ஆர்ல ஒருத்தரை இப்பவே முடிவு பண்ணி வைங்க, அந்த மெயில் ஸ்பாம் ஃபோல்டர்ல கிடந்து விசா தள்ளிப்போனா அந்தப் பொண்ணு தன் காலேஜ் ஜூனியர் க்ரூப்ல உங்க ஆஸ்பத்திரி பேரைப் போட்டு எழுதும், அடுத்த பேட்ச் இன்டர்வியூக்கே வராது.